பாதி ஓலை

ஐப்பசியாகிய துலா மாதத்தில் முதல் இடி உருண்டதும் கத்ரீனா இரண்டு காரியம் செய்வாள். முதலில் வீட்டிலுள்ள பிளக் அத்தனையையும் பிடுங்கிப் போடுவாள். டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸி, ஒன்றையும் விடமாட்டாள். அடுத்து, மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் குருத்தோலையில் ஒரு விரல் நீளம் கிள்ளி, சிரட்டைக் கனலில் போட்டுப் புகைய விடுவாள். குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலை புகைந்தால் இடி அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காது என்பது எங்கள் புல்லாணிக்குன்னு தேவாலயப் பங்கில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. ஓலை புகையாத வீடு கிடையாது. படித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் பிளக்கையும் பிடுங்குவார்கள். ஆனால் ஒரு கையால் பிளக்கும் மறுகையால் ஓலையுமாக, இரண்டையும் ஒரே சிரத்தையோடு செய்கிறவள் கத்ரீனா ஒருத்திதான்.

"ரெண்டுல எது சேச்சி வேலை செய்யுது?" என்று யாராவது வாயைக் கிளறினால், அவளிடம் பதில் தயாராக இருக்கும்.

"பிளக்கு ஃபிரிட்ஜுக்கு. ஓலை எனக்கு."

அதற்கு மேல் கேட்டால் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுவாள்.

ஓட்டுக் கம்பெனியில் மண் குழைத்த அந்தோணியின் நாலாவது மகள் அவள். படிப்பில் சோடை போனவள் என்று சொல்ல முடியாது. ஆனால் ப்ரீ டிகிரியில் இயற்பியல் ஆறு மார்க்கில் காலை வாரிவிட்டது. அழுது முடிப்பதற்குள் வேலை கிடைத்தது. எங்கே? திருச்சூரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பெண்கள் கல்லூரியில், அதே இயற்பியல் லேபில், கூட்டித் துடைத்துக் கருவிகளை எடுத்துவைக்கும் உதவியாளராக. இயற்பியலில் தோற்றவளைப் பிடித்து இயற்பியலுக்கு நடுவிலேயே உட்கார வைத்தது ஆண்டவருடைய வேடிக்கைதான் என்று இன்றைக்கும் சொல்வாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு பெரிய அலுமினிய உருண்டை வைத்த இயந்திரத்தைச் சுழற்றிவிட்டு அதன்மேல் கை வைத்தார் துறைத்தலைவி சிஸ்டர் ரெடெம்ப்டா. அவருடைய தலைத்துணி நாலு பக்கமும் தானாக எழும்பி நின்றது. பத்தொன்பது வயதுக் கத்ரீனா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சிலுவை போட்டா மின்சாரம் போயிடாதுடி," என்று சிரித்தார் சிஸ்டர். "ஆனா போடு. நல்லதுதான்."

அப்புறம் முப்பத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. அந்த லேபில் எந்தக் கருவிக்கு எங்கே வலிக்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும். மழைக்கால ஈரத்தில் அந்த உருண்டை பொறி விடாது, முந்தின நாளே பக்கத்தில் நூறு வாட் பல்பை எரியவிட்டுக் காயவைக்க வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. புதிதாக வரும் மிஸ்ஸுகள்கூட வாய்க்குள் சந்தேகத்தை மென்றுகொண்டு அவளிடம்தான் வந்து நிற்பார்கள். பாடங்களைச் சுவருக்குப் பக்கத்தில் நின்று காதால் வாங்கியவள் அவள். பரீட்சை எழுத வேண்டாம் என்பதால் பயமில்லாமல் வாங்கினாள்.

ஒருநாள் வகுப்பில், நம் ரத்தத்திலுள்ள இரும்பு முழுக்க ஏதோ ஒரு நட்சத்திரத்தின் வயிற்றில் வெந்தது, அது வெடித்துச் சிதறி மண்ணில் கலந்தது என்று சொன்னார்கள். அது கத்ரீனாவின் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நோன்பு தொடங்கும் விபூதித் திங்களன்று, நீ மண்தான் என்று சொல்லிப் பாதிரியார், எங்கள் பேச்சில் அச்சன், நெற்றியில் சாம்பல் பூசும்போது அவளுக்கு அழுகைக்குப் பதில் சிரிப்பு வந்தது. மண்தான், ஆனால் எப்பேர்ப்பட்ட மண்! சாம்பல் பூசும் நேரத்தில் சிரித்தது பாவமாக இருக்குமோ என்று பயந்து அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொன்னாள். திரைக்குப் பின்னாலிருந்த கிழட்டு அச்சன், "நட்சத்திரமா?" என்று கேட்டுவிட்டு, மூன்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொன்னாராம். "தண்டனையா, சந்தோஷமான்னு தெரியல. நான் சந்தோஷமாவே சொன்னேன்," என்பாள் கத்ரீனா.

இப்படி வானத்தையும் வேதத்தையும் ஒரே அடுக்களையில் சமைத்துவைத்திருந்தவளுக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரண்டும் ஒத்துவரவில்லை. அந்த இடம் அவள் புருஷன்.

பைலி எங்கள் தேவாலயத்தின் கப்பியார். மெழுகுவர்த்தி ஏற்றுவது, பெஞ்சு துடைப்பது, பூசைக்கு உடுப்பு எடுத்துவைப்பது, மணி அடிப்பது எல்லாம் அவர் வேலை. அவருடைய அப்பனும் பாட்டனும் அதே வேலைதான் பார்த்தார்கள். பாட்டன் காலத்தில் ஒரு துலா மாதம் ஊரில் இடி விழுந்து தென்னை பற்றி எரிந்ததாம். பாட்டன் ஓடிப்போய் மணியைப் பிடித்து அடி அடியென்று அடித்தாராம். இடி பயந்து கிழக்கு மலைக்கே போய்விட்டதாம். அன்று முதல் இடி நெருங்கினால் கப்பியார் மணி அடிக்க வேண்டும். நூறு வருஷமாக எங்கள் பங்கில் இடி ஒரு ஆளைத் தொட்டதில்லை. கேட்டுப் பாருங்கள், சின்னக் குழந்தைகூடச் சொல்லும்.

மணி தொங்குவது எண்பதடிக் கோபுரத்தில். கோபுரம் நிற்பது குன்றின் உச்சியில். கோபுரத்தின் உச்சியில் இரும்புச் சிலுவை. மணியிலிருந்து முன்பு வடக்கயிறு தொங்கியது. அது இற்றுப்போனதும், துபாய்க்காரன் ஒருவன் பக்தியோடு பளபளவென்று ஓர் இரும்புச் சங்கிலி வாங்கிப் போட்டுவிட்டான். ஊரே அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. கத்ரீனா பார்த்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குன்று, கோபுரம், சிலுவை, சங்கிலி, சங்கிலியின் நுனியில் தனக்குத் தாலி கட்டியவன். இடியைக் கூப்பிட்டு வீட்டு விலாசம் கொடுக்க வேறென்ன வேண்டும்?

"சேட்டா, இந்த வருஷம் ஒருநாளாவது அடிக்காம இருங்களேன்," என்று கெஞ்சுவாள்.

"பேசாம இருடி. என் அப்பன் அடிச்சான், அவனை இடி தின்னுச்சா? சளி வந்து செத்தான்," என்பார் பைலி.

பிறகு அவர் குன்று ஏறிப் போவார். இவள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓலையைப் புகைத்துவிட்டு வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மணியாக எண்ணுவாள். மணி நின்றால் உயிர் நிற்கும். மறுபடி அடித்தால் மூச்சு வரும். கல்யாணமாகி இருபத்தாறு துலா மாதம் இப்படியே போயிற்று.

இந்த வருஷம், துலாவுக்கு முந்தின கன்னி மாதக் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து பங்குப் பொதுக்கூட்டம். பெண்கள் பின்பக்கம் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து போவதுதான் வழக்கம். கத்ரீனா எழுந்து நின்று, கோபுரத்துக்கு ஒரு இடிதாங்கி போட வேண்டும் என்று சொன்னாள். உச்சியில் ஒரு செப்புக் கம்பி, அதிலிருந்து சுவரோடு ஒரு செப்புப் பட்டை, கீழே மண்ணுக்குள் ஒரு குழி. அவ்வளவுதான்.

தேவாலயத்தின் சாவிக்கும் சண்டைக்கும் பொறுப்பான கைக்காரர் இனாசு துள்ளி எழுந்தார். திருச்சூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அவர் குரலும் பித்தளைதான்.

"அண்டசராசரத்தையும் படைச்சவருக்குத் தன் வீட்டுக் கூரையைக் காப்பாத்தத் தெரியாதா? அதுக்கு நாம ஒரு கம்பி நட்டுக் கொடுக்கணுமாக்கும்?"

"அப்படின்னா காணிக்கைப் பெட்டிக்கு எதுக்கு இனாசேட்டா ரெண்டு பூட்டு? அதையும் அவரே பாத்துக்குவாரே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இளவயதுப் பங்குத்தந்தை தேக்கானத்து அச்சன் சிரிப்பை மறைக்கக் குனிந்து செருப்பைத் தேடினார். இனாசுக்குக் காது சிவந்துவிட்டது.

"இத பாரு கத்ரீனா. மணி அடிக்கிற வரைக்கும் இந்தப் பங்குல யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. நூறு வருஷக் கணக்கு இது."

"ஆத்தங்கரைல ரெண்டு பசு செத்துச்சே?"

"அது நம்ம பங்குப் பசு இல்ல. அந்தப் பக்கத்துச் சபைக்காரங்க பசு!"

இடி எந்தச் சபைப் பசு என்று விசாரித்துவிட்டா விழும்? கத்ரீனாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஏறினால் அவளுக்கு முன்பின் தெரியாது.

"மேகத்துக்குக் காது இல்ல சேட்டா! நீங்க மணி அடிச்சாலும் தகரம் தட்டினாலும் அதுக்கு ஒண்ணுதான். அந்த மணியால ஒரு பிரயோஜனமும் கிடையாது. அதப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஆளுக்கு ஆபத்து, அவ்வளவுதான்!"

சொல்லி முடித்துத் திரும்பியபோதுதான் பார்த்தாள். பின்வாசலில், அணைத்த மெழுகுவர்த்திகளைத் தட்டில் வைத்துக்கொண்டு பைலி நின்றிருந்தார். இடிதாங்கியைப் பற்றித் தை மாதத் திருநாள் முடிந்து யோசிக்கலாம் என்று கூட்டம் கலைந்தது.

மூன்று நாள் பைலி அவளோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் முற்றத்துக் கோழியிடம் சொன்னார். "ஏ கோழி, சோறு போதும்னு சொல்லு." "ஏ கோழி, என் சட்டை எங்கேன்னு கேளு." கத்ரீனாவும் சளைத்தவளா? "கோழி, சட்டை கொடியில கிடக்கு, கண்ணு இருந்தா தெரியும்னு சொல்லு" என்றாள். கோழி பாவம், இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முட்டையிடுவதையே நிறுத்திவிட்டது.

நாலாம் நாள் மீன்குழம்பு வைத்தாள். பைலி இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இந்த ஊர்ல நான் என்ன செய்யறேன், சொல்லு. மெழுகுவர்த்தி ஏத்தறேன், அணைக்கிறேன். பெஞ்சு துடைக்கிறேன். யாரு செத்தாலும் குழிக்குப் பக்கத்துல நிக்கிறேன். இடி வரும்போது மட்டும், ஒரு அரைமணி நேரம், இந்த ஊரே என் கையில இருக்கு. அது எனக்கு இருந்துச்சுடி. நீ ஊருக்கு முன்னால எழுந்து நின்னு அதுவும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்ட."

கத்ரீனா பயந்தது அவர் உயிருக்கு. எடுத்தது அவர் மானத்தை. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை. இன்னும் ஒரு துண்டு மீனை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். அவர் அதைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

துலா மாதம் பிறந்த நாலாம் நாள், மத்தியானம் மூன்றரைக்கு, கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. கத்ரீனா கல்லூரியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். இடி உருள ஆரம்பித்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு மணிக்குக் காத்திருந்தாள். மணி அடிக்கவில்லை. அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான், பொய் சொல்வானேன். அப்பாடா, மனுஷன் பேச்சைக் கேட்டுவிட்டார் என்று கைப்பையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது வானம் கிழிந்தது போல ஒரு சத்தம். பஸ் முழுக்க ஒரே நேரத்தில் "ஈசோயே!" என்று இயேசுவைக் கூப்பிட்டது.

விழுந்தது வயலோரத் தென்னையில். அதற்கு அடுத்த தென்னையில் கள் இறக்கிக்கொண்டிருந்தான் குட்டாப்பு. அதிர்ச்சியில் கை விட்டுப்போய், மார்பும் தொடையும் உரிய, மரத்தைக் கட்டிக்கொண்டே சறுக்கிக் கீழே வந்து விழுந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை. ஒரு காது மட்டும் அடைத்துப்போயிற்று.

மறுநாள் காலைப் பூசை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது, மார்பு நிறைய மருந்துத் துணியோடு குட்டாப்பு தேவாலய வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தான். ஒரு காது அடைத்திருந்ததால் இரண்டு ஆள் சத்தம்.

"எங்க அந்த பைலி? நேத்து மணி ஏன் அடிக்கல? செத்தா போனான்?"

"நீ என்ன கிறிஸ்தவனா? எங்க மணி அடிச்சா உனக்கென்ன, அடிக்கலேன்னா உனக்கென்ன?" என்றார் இனாசு.

"எனக்கென்னவா? முப்பது வருஷமா உங்க மணியக் கேட்டுத்தான் சேட்டா நான் மரத்த விட்டு இறங்கறேன்! மேல உக்காந்தவனுக்கு வானம் எங்க தெரியுது? மட்டைதான் தெரியுது. துலா மாசத்துல மத்தியானம் பூரா எங்கயாவது உறுமிக்கிட்டுத்தான் இருக்கும். ஒவ்வொரு உறுமலுக்கும் இறங்கினா நான் கள்ளு எடுத்த மாதிரிதான். பைலி அடிச்சா இறங்கணும். எனக்குத் தெரிஞ்ச சாஸ்திரம் அவ்வளவுதான். நான் மட்டுமா? வயல்ல நாத்து நடற பொம்பளைங்க யாரக் கேட்டு வீட்டுக்கு ஓடறாங்க? பந்து விளையாடற பசங்க யாரக் கேட்டு ஓடறாங்க? எல்லாம் இந்த மணியக் கேட்டுத்தானே!"

பைலி தூணுக்குப் பின்னால் நின்று தலையைத் தொங்கப் போட்டார். ஆனால் அங்கே உண்மையில் அடி விழுந்தது கத்ரீனாவுக்குத்தான். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முப்பத்திரண்டு வருஷம் லேபில் நின்றவள். ஒரு பல்பு எரியவில்லை என்றால் பல்பா, கம்பியா, சுவிட்சா என்று ஒவ்வொன்றாகப் பார்க்காமல் வாயைத் திறக்கக்கூடாது என்று அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். நூறு வருஷமாக ஒருவரும் சாகவில்லையே, அது ஏன் என்று ஒரு தடவையாவது யோசித்தாளா? மேகத்துக்குக் காது இல்லை என்று கத்தினாளே, ஊருக்குக் காது இருப்பதை எங்கே விட்டாள்? அவள் வாயால்தான் மணி நின்றது. மணி நின்றதால்தான் இவன் மார்பு உரிந்தது. எழுந்து மறுபடி தேவாலயத்துக்குள் போனாள். பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, அழுதுகொண்டே ஆண்டவரையும் ஒரு பிடி பிடித்தாள். "உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று அவள் முணுமுணுத்தது பக்கத்தில் பூ வைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கேட்டதாம்.

அடுத்த ஞாயிறு அவளே அச்சனிடம் கேட்டுக் கூட்டம் கூட்டினாள். இந்த முறை பைலியை முன்வரிசையில் உட்கார வைக்கச் சொன்னாள். வாசலில் குட்டாப்புவும் வந்து நின்றான்.

"போன கூட்டத்துல நான் பேசினது தப்பு," என்று ஆரம்பித்தாள். "மணியால பிரயோஜனம் இல்லன்னேன். நூறு வருஷமா இந்த ஊரக் காப்பாத்தினது அந்த மணிதான். இப்பவும் சொல்றேன், மேகத்துக்குக் காது கிடையாது. நமக்கு இருக்கு. ஆண்டவர் காது வெச்சது மேகத்துக்கில்ல, நமக்கு. மணி கேட்டா நாம உள்ள போறோம். குட்டாப்பு இறங்கறான். அப்படித்தான் அவர் காப்பாத்திக்கிட்டு வந்திருக்காரு. எனக்குத்தான் அது தெரியல."

இனாசு வெற்றிக் களிப்பில் மீசையைத் தடவினார். "இப்பவாவது தெரிஞ்சுதே. அப்போ கம்பி வேண்டாம்னு ஆச்சு."

"இருங்க இனாசேட்டா. ஒண்ணு கேக்கறேன். மணி கேட்டு ஊரே உள்ள போயிடுது. நீங்களும் போயிடறீங்க. அதுக்கப்புறமும் வெளியில நிக்கிற ஒரே ஆளு யாரு?"

இனாசு மீசையிலிருந்து கையை எடுத்தார்.

"இரும்புச் சங்கிலியப் பிடிச்சுக்கிட்டு, எண்பதடிக் கோபுரத்துக்கு அடியில? நம்ம எல்லாரையும் மணி காப்பாத்துது. மணி அடிக்கிறவரை யாரு காப்பாத்தறது? அதை ஆண்டவர் நம்மகிட்ட விட்டிருக்காருன்னு எனக்குத் தோணுது."

எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பி பைலியைப் பார்த்தன. இருபத்தாறு வருஷமாக அவர் அடித்த மணியைக் கேட்ட ஊர், அன்றைக்குத்தான் அவரைப் பார்த்தது. பைலிக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இல்லாத மெழுகுவர்த்தியை ஊதுவது போல ஏதோ செய்தார்.

இனாசு தொண்டையைக் கனைத்தார். முரட்டு மனுஷன், ஆனால் நெஞ்சு கெட்டவர் இல்லை. "செம்பு என் கடையிலிருந்து வரும்," என்றார். "ஆனா கம்பில என் பேரு பொறிக்கணும்."

"பொறிச்சுக்கோங்க சேட்டா," என்றாள் கத்ரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முதல்ல இடிதான் வாசிக்கும்."

பத்து நாளில் வேலை முடிந்தது. சங்கிலியைக் கழற்றிவிட்டுப் பழையபடி வடக்கயிறு கட்டினார்கள். கோபுரத்துக்குப் பின்னால் பத்தடிக் குழி தோண்டி, செப்புத் தகட்டை இறக்கி, அடுப்புக் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டார்கள். தேக்கானத்து அச்சன் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். எல்லோரும் அண்ணாந்து கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம், பைலி மடியிலிருந்து ஒரு பிடி ஓலைச் சாம்பலை எடுத்து யாருக்கும் தெரியாமல் குழிக்குள் போட்டார். கத்ரீனா பார்த்துவிட்டாள். அதுவும் கரிதானே என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. லேபில் தூக்கிப்போட வைத்திருந்த ஒரு பழைய ரேடியோப் பெட்டியைக் கல்லூரியில் கேட்டு வாங்கி வந்தாள். எங்கோ தூரத்தில் மின்னினாலும் அதில் கரகரவென்று கேட்கும். இடி ஊருக்கு வந்து சேருவதற்கு அரைமணிக்கு முன்பே சொல்லிவிடும். முதல் நாள் வெயில் பளிச்சென்று அடிக்கும்போது பைலி மணி அடித்தார். "கப்பியாருக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சு" என்று சாயாக்கடையில் ஒரே சிரிப்பு. இருபத்தைந்து நிமிஷத்தில் வானம் பொத்துக்கொண்டது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. குட்டாப்பு மட்டும், "இனி கள்ளு முழுசா எடுக்க நேரம் இருக்கு" என்று அவளுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

துலா மாதக் கடைசிச் சனிக்கிழமை. மூன்றே முக்காலுக்கு ரேடியோ கரகரத்தது. பைலி போய் மணி அடித்துவிட்டு, நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து கால் கழுவி உட்கார்ந்தார். கத்ரீனா கட்டன்காப்பியும் பழம்பொரியும் கொடுத்தாள். நாலு இருபதுக்கு வீடு முழுக்க வெள்ளை வெளிச்சம். கூடவே சத்தம். எண்ணுவதற்கு இடைவெளியே இல்லை. டம்ளர்கள் அலமாரியில் கிணுகிணுத்தன. கோழி வீட்டுக்குள் ஓடி வந்தது.

மழை விட்டதும் பைலி குடையை எடுத்துக்கொண்டு குன்று ஏறினார். அரைமணி கழித்துத் திரும்பி வந்து, ஈரக்காலோடு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கோபுரத்துலதான் விழுந்திருக்கு. கம்பி நுனி கொஞ்சம் உருகியிருக்கு. வேற ஒண்ணுமில்ல. புறாக்கூடுகூட அப்படியே இருக்கு."

"இனாசேட்டன் பேரு?"

"அவர்தான் கொஞ்சம் கருகியிருக்காரு."

கத்ரீனா சிரித்தாள். பைலி சிரிக்கவில்லை. ஆறிப்போன காப்பியைக் கையில் எடுத்தார். குடிக்காமல் வைத்தார்.

"நாலு இருபது," என்றார்.

"ம்."

"போன வருஷமா இருந்தா, நாலு இருபதுக்கு நான் எங்க நின்னிருப்பேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் சேட்டா. இருபத்தாறு வருஷமா, ஒவ்வொரு இடிக்கும் தெரியும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கிழக்கே மறுபடி உறுமியது. பைலி எழுந்து போய், வாழ்நாளில் முதல் தடவையாக, அவள் மறுபடி மாட்டியிருந்த ஃபிரிட்ஜ் பிளக்கைத் தன் கையால் பிடுங்கினார். கத்ரீனா மாதா படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். விரல் நீளத்துக்கு ஒரே ஒரு துண்டு ஓலைதான் மிச்சமிருந்தது.

பைலி அதை அவள் கையிலிருந்து வாங்கி, நகத்தால் நடுவில் கிழித்தார்.

"பாதி எனக்கு," என்றார்.